கிறிஸ்துமஸுக்கு முன்னால் செமஸ்டரை முடிக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள பாப்பா,

பரீட்சையை முன்னாடியே முடித்துவிட்டு வருகிறேன் என்று ஒருவழியாக முடிவெடுத்துவிட்டாய். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீயே சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாயோ என்னவோ, மன்னித்துக்கொள். அப்பாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்குச் சாமியாரிடம் நேரம் கேட்கக் கிளம்பியவளிடம் நீ வருவதை மறைக்க மனம் வரவில்லை.

பொதுவில் எழுதுவதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்பு. ரஷ்யாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் நம் ஊர்க்காரர்கள் இதையே கேட்கிறார்கள். நமக்குள் பேச வேண்டியதை ஓரமாக வைத்துவிட்டு, செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

நீ ரஷ்ய மொழி படிக்கும் பீட்டர்ஸ்பர்க்கில் டிசம்பர் 25 வேலை நாள். அவர்களுடைய கிறிஸ்துமஸ் பழைய ஜூலியன் கணக்குப்படி ஜனவரி 7. ஜனவரி 1 முதல் 8 வரை அலுவலகங்கள் பூட்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் டிசம்பர் கடைசியில் ஸச்சோத் என்ற தேர்ச்சிச் சோதனை, விடுமுறை கழிந்து ஜனவரியில் எக்ஸாமென் என்ற பெரிய தேர்வு. நம் கிறிஸ்துமஸுக்காக யாரும் தேதியை நகர்த்த மாட்டார்கள். நீதான் அனுமதி வாங்கி முன்கூட்டி எழுத வேண்டும்.

முதலில் ஒவ்வோர் ஆசிரியரையும் நேரில் பார். பாடம் நடத்துபவர் சம்மதிக்காமல் டீன் அலுவலகத்துக்குப் போனால், "ஆசிரியரிடம் கேட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் வாயால் சரி என்ற பிறகு விண்ணப்பம். வெள்ளைத்தாளில் வலது மேல் மூலையில் யாருக்கு, யாரிடமிருந்து, எந்தக் குழு. நடுவில் "ஸயவ்லேனியே", அதாவது விண்ணப்பம், என்ற தலைப்பு. அதன் கீழே ஒரே வாக்கியம்: குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தேர்வுகளை முன்கூட்டி எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். தேதி, கையெழுத்து. காரணத்தை நீட்டாதே. அப்பா பெயரைக்கூட எழுத வேண்டாம். விமான டிக்கெட் நகலை இணைத்தால் போதும். ஆசிரியர்கள் அந்தத் தாளிலேயே "ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட்டால், டீன் ஒப்புதல் கிடைத்ததும் உனக்கென்று தனி மதிப்பெண் தாள் தருவார்கள். அது இல்லாமல் நீ எழுதிய தேர்வு கணக்கில் ஏறாது. ஸச்சோத்கள் எல்லாம் முடியாமல் எக்ஸாமெனுக்கு உட்கார விடமாட்டார்கள் என்பதால், சின்னப் பாடம்தானே என்று உடற்கல்வியைத் தள்ளிப்போடாதே. கடைசி நேரத்தில் ஆளை மாட்டிவைப்பது அந்த மாதிரிப் பாடங்கள்தான்.

வாய்மொழித் தேர்வில் மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுப்பாய், தயாரிக்க அரை மணி நேரம் போலக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் முழுப் பதிலையும் எழுதாதே. எழுதியதைப் பார்த்து வாசித்தால் ஆசிரியர் நிறுத்திவிட்டுக் குறுக்குக் கேள்வி கேட்பார். ஆறு வேற்றுமை முடிவுகள், போவது, வருவது போன்ற நகர்வு வினைகளின் முன்னொட்டுகள், எந்த இடத்தில் செயல் முடிந்ததைக் காட்டும் வினை, எந்த இடத்தில் முடியாததைக் காட்டும் வினை என்ற குறிப்பு மட்டும் போதும். எண்களில் 2, 3, 4 வந்தால் அடுத்த பெயர்ச்சொல் ஒருமை ஆறாம் வேற்றுமை, 5இலிருந்து 20 வரை பன்மை ஆறாம் வேற்றுமை. பேசும் அவசரத்தில் நம் பிள்ளைகள் முதலில் கோட்டைவிடுவது இங்கேதான். கூடவே ரஷ்ய மொழிச் சான்றிதழ்த் தேர்வும் எழுதுவதாக இருந்தால், முதல் நிலைக்கு 2300 சொற்கள் வேண்டும். ஐந்து பகுதி: சொல்லும் இலக்கணமும், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு. ஒவ்வொன்றிலும் 66 சதவீதம் எடுக்க வேண்டும். ஒரே ஒரு பகுதியில் மட்டும் 60 வரை குறையலாம். உனக்குக் கேட்டல்தான் பலவீனம், அதற்கே நேரம் கொடு.

உச்சரிப்பு உனக்குப் பிரச்சினையே இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

திண்ணையில் நீ ரஷ்ய மொழியின் அந்த நடு உயிரெழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். "இ" என்று சொல்வாய், திருத்தினால் உதட்டைக் குவித்து "ஊ" என்பாய். "இருப்பது" என்பதற்கும் "அடிப்பது" என்பதற்கும் அந்த மொழியில் அதுதான் வித்தியாசம் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஏட்டி, காத்து, பாட்டுன்னு சொல்லு" என்றார். சொன்னாய். "கடைசி எழுத்துல உதடு குவியுதா? குவியல்லல்லா? எட்டாங் கிளாஸ்ல படிச்ச குற்றியலுகரம்தான், அதை மட்டும் புடிச்சு நிறுத்து." பிடித்து நிறுத்தினாய். நாக்கை ஒரு நூல் முன்னால் தள்ளு என்றேன் நான். வந்துவிட்டது. அப்பா அதையே தனக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார், உன்னைவிடச் சுத்தமாக. நியூ செஞ்சுரி கடையில் வாங்கிய சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்தே வளர்ந்தவர். ரஷ்ய எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்க்கவில்லை, அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாய்.

எப்போதும் அடுத்ததற்குப் போய்விடுவாய் பாப்பா. போன டிசம்பரின் கடைசி வாரம் நீ எங்கே இருந்தாய், ஏன் இருந்தாய் என்று இங்கே எழுத மாட்டேன். பணக் கணக்கையும் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவள் நான் என்பதை மட்டும் எழுதுகிறேன். இந்த வருஷம் நீ வர வேண்டாம், ஜனவரியில் ஒழுங்காக எழுதிவிட்டு வா என்று நான் சொன்னதில் கோபமும் இருந்தது. இருக்கட்டும். ஆனால் சொன்னது சரியான யோசனைதான். பாடத்தைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள் அதை முடிக்க என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்திருக்கிறேன். முடித்துவிட்டு வருகிறாய் என்றால் அப்புறம் என்னிடம் ஆட்சேபணை ஏது?

விசா. முதலில் கிடைத்த மூன்று மாத விசாவை நீட்டிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை என்றாய். அது வராமல் தேர்வெழுதி என்ன பயன்? சர்வதேச மாணவர் பிரிவில் டிக்கெட்டைக் காட்டித் தேதி கேள். வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் புது விசாவில் பெயர், பாஸ்போர்ட் எண், முடிவுத் தேதி மூன்றையும் பார். நுழையும்போது கொடுத்த குடிபெயர்வு அட்டையை எல்லையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வை.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கி, அதை ரஷ்ய எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நோட்டரி சான்று பெற்ற பாஸ்போர்ட் மொழிபெயர்ப்பில் எப்படி இருக்கிறதோ, மதிப்பெண் சான்றிதழிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அச்சடிப்பதற்கு முன் வரைவைக் காட்டச் சொல். பாட மணிநேரமும் கிரெடிட்டும் அதில் இருக்கட்டும். அங்கே ஒரு கிரெடிட் 36 பாட மணி, ஒரு பாட மணி 45 நிமிடம். இங்கே உன் கல்லூரியில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். வட்ட முத்திரையோடு இரண்டு அசல் வாங்கு. டிசம்பரில் விட்டால் ஜனவரி 9க்கு முன் கிடைக்காது, அதற்குள் நீ இங்கே இருப்பாய்.

விடுதியைக் காலி செய்ய ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்கும் தாளை நூலகத்தில் ஆரம்பி. மாதத்துக்கு ஒருநாள் சுத்தம் செய்யவென்று நூலகத்தை மூடுவார்கள், அது பெரும்பாலும் மாதக் கடைசியில் வரும். அடுத்து கணக்குப் பிரிவு. போர்வை, விரிப்பு, தலையணை உறை வாங்கிக்கொள்பவரும் விடுதிக் காப்பாளரும் பகலில்தான் இருப்பார்கள். உனக்கு ராத்திரி விமானம் என்றால் அன்று மாலை யாரும் கையெழுத்துப் போட இருக்க மாட்டார்கள், முந்தின நாளே முடித்துவிடு. அந்த மாதம் காலை 10 மணிக்குத்தான் சூரியன் எழும், மாலை 4க்குள் விழும். இருட்டைப் பார்த்து நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போடாதே. இங்கத்திய வங்கி அட்டை அங்கே வேலை செய்யாது, மிச்சமிருக்கும் ரூபிளை அங்கேயே மாற்றிவிடு.

எழும்பூரிலிருந்து முத்துநகர் ரயிலில் இடம் கிடைத்துவிட்டது, கீழ்ப் படுக்கை. பூசை 28ஆம் தேதி காலை. பாட அம்மா உன் பெயரைக் கொடுத்திருக்கிறாள், என்னைக் கேட்கவில்லை. மற்றதை நேரில் பேசலாம், சண்டை போடவும் சேர்த்துத்தான்.

நாளைக்கே ஆசிரியர்களைப் பார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வாங்கிய விண்ணப்பத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

உன்
அக்கா