மூன்றடி டேங்கும் உன் மீன் பட்டியலும்

ராமநாதபுரம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. சொன்னால் கேட்க மாட்டார்கள், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. ரிமோட்டுக்குச் சண்டை போட ஆளில்லாமல் வீடு அமைதியாகக் கிடக்கிறது.

இனி உன் மெரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி. பாப்பா எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். நீமோ ஜோடி, ப்ளூ டேங், மாண்டரின், டாமினோ நாலு, முடிந்தால் ஒரு லயன்ஃபிஷ். மாப்ள, எல்லாம் அழகான மீன்தான், ஆனால் ஒரே தொட்டியில் குடித்தனம் நடத்தாது. உன் மூன்றடி டேங்க் கணக்குக்கு 130 லிட்டர். கல்லும் மணலும் போட்ட பிறகு 100 லிட்டர் நின்றால் அதிகம். அதற்கு நாலைந்து சின்ன மீன், அவ்வளவுதான்.

ப்ளூ டேங் கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும், நாள் முழுக்க நீந்த இடம் கேட்கும். இடம் போதாமல் நொந்துபோனால் முதலில் வெள்ளைப்புள்ளி நோய் வருவது அதற்குத்தான். லயன் வாயில் அடங்குகிற எதையும் விழுங்கும், பாப்பாவின் நீமோ உட்பட. மாண்டரின் கல்லிடுக்கில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைக் காலை முதல் மாலை வரை பொறுக்கித் தின்னும் மீன். சின்ன டேங்கில் அந்தப் பூச்சி சீக்கிரமே தீர்ந்துவிடும். கடைத் தீனியை அது பெரும்பாலும் தொடாது, பட்டினியிலேயே போய்விடும்.

டாமினோ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் அதைத்தான் முதலில் உன் தலையில் கட்டுவார். 'சாகாது சார், இதை விட்டு டேங்கைப் பழக்குங்க' என்பார். சாகாது என்பது உண்மை. குட்டியில் கறுப்பு உடம்பும் மூன்று வெள்ளைப் பொட்டுமாக லட்சணமாக இருக்கும். வளர வளர நிறம் மங்கும், குணம் முற்றும். முதலில் குடிவந்த வாடகைக்காரன் வீட்டுக்காரனை மிரட்டுவதுபோல, பிறகு வருகிற எல்லா மீனையும் மூலைக்குத் துரத்தும். கல்லையெல்லாம் வெளியே எடுக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது. டேங்க் பழகுவது என்றால் மீன் கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா அதில் வளர்வது, அதற்கு மீனே வேண்டாம். கொஞ்சம் மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டு நாலு முதல் ஆறு வாரம் காத்திரு. கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் தண்ணீர் டெஸ்டில் பூஜ்யம் காட்டட்டும்.

யாருக்கு யார் ஒத்துப்போவார்கள் என்று கேட்டிருந்தாய். நிறத்தைப் பார்க்காதே, எந்த மீன் டேங்கில் எந்த இடத்தைத் தன்னுடையது என்று நினைக்கும் என்று பார். அடியில் மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்கிற மீன் ஒன்று, கூடவே ஒரு பிஸ்டல் இறால். இறாலுக்குக் கண் பார்வை மந்தம். அது வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் மீசையைக் கோபியின் மேல் வைத்தபடியேதான் வெளியே வரும், கோபி வாலை ஆட்டினால் இரண்டும் உள்ளே. பாப்பா டிவியை மறந்துவிடுவாள். ஆனால் கற்களை மணல் மேல் அடுக்காதே, கண்ணாடித் தளத்திலேயே உட்காரவை. அந்த இறால் அடியில் தோண்டியே கல்லைச் சரித்துவிடும். ராத்திரி 'டக்' என்று சத்தம் வந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று அலறாதே, அது இறால் இடுக்கி சொடுக்குவது.

நடுவில் ஃபயர்ஃபிஷ் என்கிற சின்ன மீன் ஒன்று. பயந்த சுபாவம், மிரண்டால் துள்ளித் தரையில் கிடக்கும், அதனால் வலை மூடி கட்டாயம். கல்லிடுக்குக்கு ராயல் கிராமா கிடைத்தால் வாங்கு. கரீபியன் கடல் மீன், விலை கூடத்தான். ஊதாவும் மஞ்சளும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்திருந்தால் வாங்காதே, அது டாட்டிபேக், சண்டைக்காரன். கிராமாவில் இரண்டு நிறமும் மெல்லக் கலந்திருக்கும், முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும்.

கடைசியாக நீமோ ஜோடி. ஒன்று பெரிது, ஒன்று சிறிதாகக் குட்டியிலேயே வாங்கு. எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், இரண்டில் பெரியது பெண்ணாக மாறிவிடும், ஜோடிப் பிரச்சினை தானே தீரும். பண்ணையில் பொரித்த குட்டியா என்று கேட்டு வாங்கு. எங்கள் பக்கத்து மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே இவற்றைப் பொரிக்கவைத்திருக்கிறார்கள். கடலில் நீமோ குடியிருக்கும் பூப்போன்ற உயிரினமான அனிமோன் வேண்டாம். நீமோவுக்கு அது இல்லாமலும் வாழத் தெரியும், புது டேங்கில் அனிமோன்தான் பிழைக்காது. ஒவ்வொரு வரவுக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடு.

ஏர்வாடிப் பக்கம் பவளக்கல் எடுத்து அனுப்பச் சொன்னாயே, அது மட்டும் முடியாது. பவளம், கடல்குதிரை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. உனக்காக ஜெயிலுக்குப் போக நான் தயாரில்லை. கடையில் செயற்கைக் கல்லே நன்றாகக் கிடைக்கிறது.

தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்றாதே, ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். உப்பு ஆவியாகாது. தொட்டித் தண்ணீரின் அடர்த்தி 1.025-ல் நிற்கட்டும். அம்மோனியா எவ்வளவு காட்டுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது, அதுவரை பாப்பாவை மீன் கடைப் பக்கம் கூட்டிப்போகாதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி