கூடுதல் பொறுப்பில் குழந்தைப் பருவம்

ஐயா, அங்கன்வாடிகளில் காலியிடங்கள் இருப்பதால் ஒரே பணியாளர் இரண்டு மையங்களைக் கவனிப்பது குறித்த தங்கள் நாளிதழின் செய்தியைப் படித்தேன். இதை நிர்வாகச் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ளவர்களாகவே உருவாயினர். இளமையில் அவர்களுக்குக் கிடைத்த துணைகளுள் முக்கியமானது, மாறாத அன்புகாட்டிய ஒரு பெரியவர். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அந்தப் பெரியவர் பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சர்தான். நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒரே பணியாளரிடம் வளர்ந்து வந்த பிள்ளைகள் முதல் வகுப்பில் கீழே விழுந்தாலும் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி விளையாடப் போவார்கள்; ஆள் மாறிக்கொண்டே இருந்த மையத்துப் பிள்ளைகளோ ஜூலை வரைக்கும் வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள். (சத்துமாவும் முட்டையும் இரண்டு மையங்களிலும் ஒன்றுதான்!) ஆகவே, காலியிடங்கள் நிரப்பப்படும்வரை கூடுதல் பொறுப்பு முறையைத் தவிர்த்து, அந்தந்த ஊரிலேயே தகுதியுள்ள ஒரு பெண்ணைத் தற்காலிகமாக முழுநேரமும் அமர்த்த அரசு ஆணையிடலாம்.

– வாசகி, திருவாரூர்