அஞ்சலோட்ட அணியின் நான்காவது பிள்ளைக்கும் விருது கோரும் மூன்றாவது மனு

மதிப்பிற்குரிய பணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மாசியில் ஒரு மனு கையில் கொண்டுவந்து தந்தேன், வைகாசியில் இன்னொன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன், இது மூன்றாவது. முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதைப் பற்றிக் கேட்க வந்தபோது "மேலே அனுப்பியாச்சு" என்றார்கள். மேலே என்றால் நீங்கள்தான் என்று நினைத்து உங்களுக்கே எழுதுகிறேன், பிழையென்றால் பொறுத்தருளவும்.

எங்கள் மைதானம் உங்களுக்குத் தெரியும். போன வருடம் நீங்கள் வந்து இறங்கிய அதே இடம்தான், மேற்குப் பக்கம் மாடு கட்டுகிற பாலை மரம், மாரியில் இரண்டாம் வளைவில் தண்ணீர் நிற்கும். அந்த வளைவில் ஓடுகிற பிள்ளைக்காகத்தான் இந்த மனு.

1. எங்கள் பெண்பிள்ளைகள் 4×100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் முதலிடம் பெற்றதும், புலம்பெயர்ந்த அன்பர்கள் தந்த பணத்தில் உங்கள் விழா மேடையில் "சிறந்த தமிழ் வீராங்கனைகள்" என்ற விருது வழங்கப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. அணியில் நான்கு பேர். விருது மூன்று பேருக்கு. மூன்றாவதாக ஓடும் பிள்ளை முல்லைத்தீவு தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை. தமிழ் கதைத்தாலும் படிவத்தில் அவளுடைய இனம் வேறு என்பதால் அவளுடைய விண்ணப்பம் திரும்பி வந்தது.

2. விழாவில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அறிவிப்பாளர் மூன்று பெயர்களை வாசித்தார், பிறகு 51.8 செக்கன் என்று நேரத்தையும் வாசித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். ஐயா, அந்த 51.8 செக்கன் யாருடையது? மூன்று பேர் 400 மீற்றரை ஓடினார்களா? நடுவில் நூறு மீற்றர் தூரம் அஞ்சல் கோல் தானாகப் பறந்து போனதா? எங்களிடம் இருக்கும் கோல்கூட கடைக் கோல் இல்லை, எஸ்லோன் பிளாஸ்ரிக் பைப்பை 30 சென்ரிமீற்றருக்கு வெட்டி விளிம்பைத் தேய்த்து சிவப்பு ரேப் சுற்றியது. அதைத்தான் அந்தப் பிள்ளை வலது கையில் வாங்கி, வளைவின் உட்கோட்டை ஒட்டி ஓடி, கடைசிப் பிள்ளையின் இடது கையில் வைக்கிறாள். கோல் மாற்றும் பிரதேசம் 30 மீற்றர், அதற்குள் மாற்றாவிட்டால் நான்கு பேரும் வெளியே. மூன்று பேர் மட்டும் வெளியே என்று எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. தோற்றால் நான்கு பேரும் தோற்கிறார்கள், வென்றால் மட்டும் இனம் பார்க்கிறீர்கள். அவள் தன் உம்மாவோடு சபையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள், அவளும் தட்டினாள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. மேடையில் நின்ற மூன்று பேரும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்காமல் சபையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், படப்பிடிப்பாளர் "இஞ்ச பாருங்கோ" என்று நாலு தரம் கத்தவேண்டி வந்தது.

3. விருது கிடைத்த பிள்ளைக்கும் அது சும்மா கிடைக்கவில்லை. கடைசியாக ஓடும் பிள்ளையின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்து ஹற்றன் பக்கமிருந்து எங்கள் வன்னிக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் என்ற இடத்தில் "இந்தியத் தமிழர்" என்று இருக்கிறது. பிள்ளை இந்தியாவை ரிவியில்தான் பார்த்திருக்கிறாள். "இலங்கைத் தமிழர் மட்டுமா, இதுவும் சேருமா" என்ற கேள்விக்கு விடை காண அவளுடைய அப்பா கிராம அலுவலரிடம் ஒரு தரம், பிரதேச செயலகத்துக்கு ஒரு தரம், திரும்பவும் கிராம அலுவலரிடம் ஒரு தரம் என்று மூன்று நாள் கூலியை விட்டு அலைந்தார். 1911 குடிசன மதிப்பீட்டில் இந்தத் தமிழரை வேறாகவும் அந்தத் தமிழரை வேறாகவும் எண்ணத் தொடங்கினார்கள். அது ஓட்டப்போட்டிப் படிவம் வரைக்கும் வந்து நிற்கிறது.

4. விருது தருகிறவர்களின் மனதை நான் குறை சொல்லவில்லை. வன்னிப் பிள்ளைகள் கவனிக்கப்படாதவர்கள்தான். கொழும்பில் சுகததாச மைதானத்தின் செயற்கைத் தடத்தில் காலை வைக்கும்போதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தடம் இருக்கிறது என்றே தெரிகிறது. ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியின் மகன் என்னோடு சண்டை பிடித்தான், கனடாவில் பூர்வகுடி வீரர்களுக்கென்றே 1951 முதல் ரொம் லோங்போட் பெயரில் விருது இருக்கிறதே மாமா, அதுவும் பிழையா என்று. லோங்போட் 1907 பொஸ்ரன் மரதனை வென்ற ஒனொண்டாகா மனிதர். அது பிழையென்று நான் சொல்லமாட்டேன், ஒதுக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் பெயரிலேயே ஒரு மேடை வேண்டியிருக்கும். சரி, அப்படியென்றால் எங்கள் மைதானத்தில் யார் ஒதுக்கப்பட்டவர்? அந்த முஸ்லிம் பிள்ளையின் வாப்பா குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் கிடந்து, திரும்பி வந்து தறப்பாளுக்குள் இருந்து தொடங்கியது. வெளியேற்றியது யார் என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அதே தண்ணீர் நிற்கிற மைதானம், அதே பிய்ந்த சப்பாத்து. கஷ்டத்துக்குத்தான் விருது என்றால் கஷ்டத்தை அளவுங்கள், திறமைக்கு என்றால் செக்கனை அளவுங்கள். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார். எங்கள் ஆள் என்று நாங்கள் இன்றைக்கும் பெருமைப்படுகிறோம், ஆனால் கம்பத்தை அவருக்கென்று யாரும் வேறாக வைக்கவில்லை.

5. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "தமிழ் என்று நிரப்பிவிடுங்கோ, தமிழ்தானே கதைக்கிறா" என்றார். நான் அந்த முஸ்லிம் பிள்ளையின் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன், சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவளுடைய வாப்பா தேத்தண்ணி தந்தபிறகுதான் பதில் சொன்னார்: "பரிசுக்காக இனம் மாத்தேலாது சேர்."

6. பணம் தந்தவர்களின் நிபந்தனை என்று சொல்லாதீர்கள். மேடை அரசாங்கத்தினுடையது, சான்றிதழில் இருக்கும் முத்திரையும் அரசாங்கத்தினுடையது.

7. பதில் போடுங்கள் ஐயா. இல்லை என்றாலும் எழுத்தில் இல்லை என்று போடுங்கள்.

ஆகவே, தயவுசெய்து மற்ற மூவருக்குக் கொடுத்த அதே விருதை அந்தப் பிள்ளைக்கும், அதே மாதிரி பெயர் வாசித்து, சபைக்கு முன்னால் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தபாலில் அனுப்ப வேண்டாம். அடுத்த வருடம் முதல் விருதின் பெயரை வன்னி வீரர்கள் என்றோ மாவட்ட வீரர்கள் என்றோ மாற்றி, அன்பர்களின் பணத்தில் பாதியையாவது இரண்டாம் வளைவுக்கு மண் போடத் தந்துதவுமாறும் கேட்கிறேன். மண் பிந்தினாலும் பரவாயில்லை. பிள்ளையின் விருது பிந்தக்கூடாது, அவள் அடுத்த வருடம் உயர்தரம் முடித்துப் போய்விடுவாள், திரும்பவும் கெஞ்சிக் கேட்கிறேன், பிந்தக்கூடாது.

இந்த வருடத்துப் படிவங்கள் நேற்று வந்தன. நான்கு படிவங்களிலும் பெயர், பிறந்த திகதி, சிறந்த நேரம் எல்லாம் நிரப்பிவிட்டேன், இனம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நான்கையும் இத்துடன் இணைத்துள்ளேன். அந்தக் கட்டத்துக்கு என்ன செய்யவேண்டும் என்பதைத் தாங்களே எழுத்தில் அறியத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்கு பிள்ளைகளின் பயிற்றுநர்