கறுப்புச் சட்டைக்குத் தடை போட்ட திருவிழாக் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் ஐயா, குழுவில் உள்ள அண்ணன்மாரே,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருபத்திரண்டு வருஷமாக முடிவெட்டுகிறேன். உங்களில் பாதிப் பேர் மாதம் ஒருமுறை எனக்கு முன்னால் தலையைக் குனிகிறவர்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சினிமா தாதா படம் போட்ட கறுப்பு டி-சட்டையோடு வருகிறவர்கள் இந்த வருஷம் தேர்வடம் தொடக்கூடாது என்று ஒட்டியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. 2013-இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்தபோது நம் தாமான் குடியிருப்பில் எத்தனை அம்மாக்களுக்கு அன்றிரவு தூக்கமில்லை என்று எனக்கும் தெரியும். கும்பல் எண் போட்ட சட்டையைத் தடுங்கள், நானே கூட நிற்கிறேன். ஆனால், ‘நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தெரியாத பிள்ளைகள்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

போன வாரம் படிவம் நான்கு படிக்கிற பையன் ஒருவன் வந்தான். கைப்பேசியில் ஒரு தாதாவைக் காட்டி, அதே மாதிரி வெட்டச் சொன்னான். உதட்டுக்கு மேல் நாலு முடி; அதையும் முறுக்கிவிட வேண்டுமாம்.

“படத்துல இவன் கடைசில என்ன ஆவான் தம்பி?”

“செத்துருவான்ண்ணே.”

“அப்புறம்?”

“எல்லாரும்தான் சாவாங்க. இவன் நடந்து வர்றப்போ ஒருத்தனும் உக்காந்திருக்க மாட்டான், பாத்தீங்களா?”

கத்தரிக்கோல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்துத் துரை கார் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நிற்பார். தோட்டக் கணக்கர் கிராணியின் மேசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இந்தப் பையன் துரையைக் கண்டதில்லை. ஆனால் தொழிற்சாலையில், வங்கியில், பள்ளி அலுவலகத்தில் தன் அப்பா நிற்கிற நிற்பைப் பார்த்துக்கொண்டுதானே வளர்கிறான்!

2016-இல் ‘கபாலி’ வந்தபோது ஈப்போவுக்குப் போய்ப் பார்த்தேன். கோட் போட்ட நம்ம ஆள் கால்மேல் கால் போட்டதும் கொட்டகை அதிர்ந்தது. நானும் விசில் அடித்தேன், மறைப்பானேன். நம் நாட்டில் ஓடிய படத்தில், முடிவில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரி வருகிற நேரத்தில் பலர் இருட்டில் காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டரை மணி நேரம் ஊட்டியதை ஒரு வரியால் எப்படித் துப்ப வைப்பது?

1987-இல் வந்த ‘நாயகன்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலு நாயக்கர் மனைவியை இழக்கிறார், மகனை இழக்கிறார், மகள் வெறுத்துப் போகிறாள். கடைசியில், தான் கொன்ற போலீஸ்காரரின் மகன் கையாலேயே சாகிறார். இதைவிட ஒரு கதை என்ன எச்சரிக்கும்? என் கடையில் அந்தப் படத்து வசனத்தை ஒப்பிக்காத ஆள் இல்லை. அந்த வீடு வெறிச்சோடிப்போனதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. அடி வாங்கிப் பழகியவனுக்குக் கதாநாயகன் திருப்பி அடிக்கிற இடம்தான் படம். மீதியெல்லாம் இடைவேளை மாதிரி.

நம் மண்ணில் எடுத்த ‘ஜகாட்’ இருக்கிறது. தோட்டத்தைவிட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பத்துப் பையன் எப்படி வழி தவறுகிறான் என்று பூச்சில்லாமல் சொன்ன படம். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று பரிசும் வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஒருவரோ இருவரோதான். தன்னையே பார்ப்பதற்கு யார் காசு கொடுப்பார்?

சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுவார்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்குவது அவர்கள். பந்தல் கால் நடுவது அவர்கள். மறுநாள் குப்பை அள்ளுவதும் அவர்களே. குழுக் கூட்டம் என்றால் மட்டும் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். உள்ளே கூப்பிட்டு ‘உட்காருப்பா, நீ என்ன சொல்றே?’ என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்காலி போதாது என்று செயலாளர் ஐயா சொல்வார், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி சும்மா கிடக்கின்றன. வரும்போது எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
சந்தைக்கு எதிர்வரிசை முடிவெட்டும் கடைக்காரன்