நொய்யல் கரைத் தகன மேடையில் பெண்களுக்கு ஒரு குளியலறை கேட்டு ஐந்தாவது மனு

அனுப்புநர்:
பெண் பணியாளர்கள் மூவர்,
எரிவாயு தகன மேடை,
நொய்யல் தென்கரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நாள்: 08.07.2024, திங்கட்கிழமை

பொருள்: தகன மேடையில் உடல்களை எரியூட்டும் பணி செய்யும் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள குளியலறையும் கழிப்பறையும் கட்டித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் வேலைப் பளுவுக்கு நடுவே மறுபடியும் வந்து நிற்பதைப் பொறுத்தருள வேண்டுகிறோம். இது எங்கள் ஐந்தாவது மனு. 2021 ஆகஸ்டில் உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கொடுத்தோம். 2022 பொங்கல் கழிந்ததும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். 2023 டிசம்பரில் வார்டு முகாமில் அரை நாள் கூலியை விட்டு வரிசையில் நின்று கொடுத்தோம். இந்த ஏப்ரலில் ஆட்சியர் அலுவலகத்துக்கே வந்தபோது, தேர்தல் நடத்தை விதி அமலில் இருப்பதால் குறைதீர்ப்புக் கூட்டம் இல்லை, பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். போட்டுவிட்டுப் போனோம். ஓட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணி ஒரு மாதமாகிறது. மனுப் பெட்டியைத் திறந்தார்களா என்பதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்ற மார்கழியில் தடுப்பணையைப் பார்வையிட வந்தபோது தங்கள் ஜீப் நின்ற புளியமரம் எங்கள் வாசல்தான். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தாங்கள் முகம் சுளித்ததை நாங்கள் நீலக் கேட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூப்பிட்டிருக்கலாம். அன்று உள்ளே ஓர் உடல் எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை விட்டு நகர முடியவில்லை.

எங்கள் குறைகளைக் கீழே வரிசையாக எழுதுகிறோம்.

1. நாங்கள் மூவரும் தோட்டம் கூட்டவும் காரிய மண்டபத்தைக் கழுவிவிடவும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அக்காள் பஞ்சாலையில் இருபது ஆண்டு இருந்தவர். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். சின்னவள் விசைத்தறிக் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். 2020 ஆடி மாதம் அடுப்பை இயக்கும் ஆண்கள் இருவரில் ஒருவர் கொரோனா தொற்றில் படுத்துவிட்டார். மற்றவரை வீட்டில் அனுப்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டோம். அன்றைக்கு யாருக்குத்தான் பயமில்லை? ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. "இன்று ஒரு நாள் மட்டும் பாருங்கள்" என்றார் ஒப்பந்தக்காரர். அந்த ஒரு நாளுக்கு இந்த ஆடியோடு நான்கு ஆண்டு நிறைகிறது. பர்னரைப் பற்றவைப்பது, தள்ளுவண்டியை உள்ளே செலுத்துவது, காற்றைக் கூட்டிக் குறைப்பது, ஆறிய எலும்பை வாரிக் கலயத்தில் இடுவது எல்லாம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பழகினோம். பிணம் தெருமுனை தாண்டியதும் பெண்கள் திரும்பிவிடும் ஊர் இது. அந்த ஊரின் உடல்களைத்தான் நாங்கள் உள்ளே நின்று வாங்கிக்கொண்டோம்.

2. 2021 மே மாதத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மாதக் கடைசியில் கோவையின் அன்றாட எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. ஜூனில் மற்ற ஊர்களுக்குத் தளர்வு கிடைத்தபோதும் நம் மேற்கு மாவட்டங்கள் பூட்டியே கிடந்தன. இதெல்லாம் அதிகாரிகள் மேசைக்கு வந்த கணக்கு. எங்கள் கணக்கு ஓர் உடலுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்பதுதான். சாதாரண நாளில் மூன்று வரும், நான்கு வரும். அந்த மாதம் பதினான்கு, பதினைந்து வந்தன. பெருக்கிப் பார்த்தால் நாங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனோம் என்பது தெரியும்.

அஸ்தியை வாங்கவும் ஆள் வரவில்லை. வந்தவர்களுக்கும் பவானி கூடுதுறைக்குப் போக வழியில்லை. கலயங்களைக் காரிய மண்டபத்து அலமாரியில் அடுக்கி, சாக்பீஸால் பெயர் எழுதி, வாரக்கணக்கில் காத்தோம். ஒரு கலயம்கூட ஆள் மாறிப் போகவில்லை. இதை மட்டும் பெருமையாக எழுதிக்கொள்கிறோம், மன்னிக்கவும்.

அந்த மே மாதம் மருத்துவர்களுக்கு 30,000 ரூபாயும் செவிலியர்களுக்கு 20,000 ரூபாயும் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. நியாயம்தான். எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அதை இந்த மனுவில் கேட்கவில்லை. ஆண்களைவிட நாளுக்கு நூறு ரூபாய் குறைத்துத் தரும் கூலியைப் பற்றியும் இதில் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்று அலுவலக வாசலில் மனு எழுதித் தரும் பெரியவர் சொன்னார். எனவே ஒன்றை மட்டும் கேட்கிறோம்.

3. குளிக்க இடமில்லை.

இழவுக்குப் போன எவரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுப்படி ஏறுவதில்லை. அதற்காகத்தான் தகன மேடையைக் கட்டும்போதே கிழக்குச் சுவரோரம் ஆறு குழாய்கள், சிமெண்டுத் தளம் எல்லாம் போட்டார்கள். கூரையில்லை, கதவில்லை, மறைப்பில்லை. ஆண்கள் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று குளித்துவிட்டுப் போக அது போதும். வந்து அரை மணி நேரம் நிற்பவர்கள் குளித்துவிட்டுப் போகிறார்கள். நாள் முழுதும் பிணத்தோடு இருக்கும் நாங்கள் குளிக்காமல் போகிறோம்.

முதலில் சேலையைக் கட்டி மறைத்துப் பார்த்தோம். பிறகு யாரோ கழற்றிப் போட்ட 'கண்ணீர் அஞ்சலி' ஃபிளெக்ஸ் ஒன்று கிடைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான்கு மூங்கில் நட்டு, அதைச் சுற்றிக் கட்டினோம். படம் உள்பக்கம் இருந்தால் இறந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வெளிப்பக்கம் திருப்பினால் அவருடைய உறவினர்கள் வந்து சண்டை போடுகிறார்கள். மூன்று ஆண்டாக அந்தப் பெரியவர் முகத்துக்கு எதிரில்தான் குளித்தோம். போன வாரம் அதுவும் போயிற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலேயே இறங்கிவிட்டது. ஆடி பிறந்தால் அம்மியை நகர்த்தும் காற்றுக்கு ஃபிளெக்ஸ் எம்மாத்திரம்? கிழிந்து ஆற்றுக்குள் கிடக்கிறது. அதனால்தான் இந்த மனு அவசரமாக வருகிறது.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு பஸ் ஏறுகிறோம். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்தான், அரசுக்கு நன்றி. ஆனால் எங்கள் பக்கத்து இருக்கை நிரம்புவதில்லை. புகை வாசம் தலைமுடியில் தங்கிவிடுகிறது, எவ்வளவு சீயக்காய் போட்டாலும் போகாது. சின்னவளை அவள் மாமியார் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். மாட்டுக் கட்டுத்தரையில் நின்று, இரவு ஒன்பது மணிக்குக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்ட பிறகுதான் பிள்ளையைத் தொட முடியும். ஐப்பசி மழையிலும் அப்படித்தான். மாமியாரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஊரில் யாரும் செய்வதைத்தான் அவர் செய்கிறார்.

இதில் எங்களுக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 மே கடைசியில் ஒரு நாள், ஆம்புலன்ஸிலிருந்து ஒரு பெண் தனியாக இறங்கினாள். வயது இருபத்திரண்டு இருக்கும். அப்பாவின் உடல். அம்மா மருத்துவமனையில்; அண்ணன் வெளிநாட்டில், செல்போன் திரையில். உறவுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. பையைத் திறக்கக் கூடாது, தொடக் கூடாது என்பது விதி. முகப்பக்கம் மட்டும் ஜிப்பை இறக்கி எட்ட நின்று காட்டினோம். வாய்க்கரிசியைப் பையின் மேலே போட்டாள். கொள்ளியை அவளே வைத்தாள். அக்காள் அவள் பின்னால் போய் நின்றுகொண்டார். எல்லாம் முடிந்தபின் அந்தப் பெண் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, எங்கே குளிப்பது?"

கிழக்குச் சுவரோரம் பத்து ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவளைத் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனோம். நானும் சின்னவளும் ஒரு போர்வையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அக்காள் கவச உடையோடு இரண்டு பக்கெட் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார். ஈரத்துணியோடு அதே ஆம்புலன்ஸில் திரும்பிப் போனாள்.

அந்த ஆகஸ்டில்தான் முதல் மனு கொடுத்தோம்.

4. கழிப்பறை. ஒன்று இருக்கிறது, ஆண்களுக்கு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே காலிப் பாட்டில்கள். துக்கத்துக்குக் குடித்துவிட்டு வருகிறவர்கள் வேறு எங்கே போவார்கள்? நாங்கள் ஆற்றோரச் சீமைக் கருவேலங்காட்டுக்குப் போகிறோம். ஒருத்தி போனால் ஒருத்தி காவல். அதுவரை மூன்றாமவள் தனியாக அடுப்பைப் பார்க்க வேண்டும். பாம்பைக்கூடக் காலால் தட்டி ஓட்டிவிடலாம்.

கவச உடையை மாட்டினால் கழற்றவே முடியாத அந்த மாதத்தில், காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டோம். எண்ணூறு டிகிரி அடுப்புக்கு முன்னால், சித்திரை வெயிலில், தண்ணீர் குடிக்காமல். அக்காளுக்கு அன்று பிடித்த நீர்க்கடுப்பு இன்னும் வந்து வந்து போகிறது. மாதவிலக்கு நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. தாங்கள் பெண், தங்களுக்கே தெரியும்.

5. முந்தைய மனுக்களுக்கு வந்த ஒரே பதிலின் நகலை இத்துடன் வைத்திருக்கிறோம். "மேற்படி தகன மேடையில் பெண் பணியாளர் எவரும் பணியமர்த்தப்படாத நிலையில், தங்கள் கோரிக்கை ஏற்க இயலாது" என்று அதில் இருக்கிறது. நாங்கள் மூவரும் மனுவில் கையெழுத்தும் ரேகையும் போட்டு, நேரில் போய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்தோம். அதற்குப் பிறகும் நாங்கள் இல்லையாம்! விசாரித்தால், பதிவேட்டில் எங்கள் மூவருக்கும் தோட்டம் கூட்டும் வேலை என்று எழுதியிருக்கிறதாம். தோட்டம் கூட்டுகிறவர்கள் அடுப்பைத் தொடக் கூடாது என்றால் நாளைக்கே தொடாமல் இருக்கிறோம். எரிக்க ஆள் அனுப்புங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டோம். அடித்துவிட்டு எழுதலாம் என்றாள் சின்னவள். அக்காள் வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

6. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் கழிப்பறையும் கழுவுமிடமும் ஒப்பந்தக்காரர் செய்து தர வேண்டியவை என்றும், அவர் செய்யாவிட்டால் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட அலுவலகமே செய்து கொடுத்துவிட்டுச் செலவை அவரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்றும் இருப்பதாக ஒரு வழக்கறிஞர் சொன்னார். கடைகளில் நாள் முழுதும் நிற்கிறவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. நாங்கள் உட்காரக்கூட இடம் கேட்கவில்லை.

7. பணமில்லை என்று சொல்வதை எங்களால் நம்ப முடியவில்லை. இந்த மூன்று ஆண்டுகளில் தகன மேடைக்குப் புது வளைவு வந்தது, விளக்குகளோடு. நீரூற்று வந்தது; இப்போது ஓடவில்லை. கிரானைட் பெஞ்சுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் உபயதாரர் பெயர். அரிச்சந்திரன் கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். அரிச்சந்திரனுக்குச் செய்தது சரிதான். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே மயானத்துக்கு வந்தவள் சந்திரமதி. அவள் எங்கே குளித்தாள் என்று கதை சொல்லுகிற யாரும் சொன்னதில்லை. குளியலறைக்கு உபயம் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. அதில் பெயர் போட்டுக்கொள்ள யாருக்கு ஆசை இருக்கும்?

8. 2020 ஆகஸ்டு கடைசியில் 108 ஆம்புலன்ஸ் ஓட்ட ஒரு பெண்ணுக்கு அன்றைய முதலமைச்சரே பணி ஆணை கொடுத்ததைச் செய்தித்தாளில் பார்த்தோம். அக்காள் அந்தப் படத்தை வெட்டி அடுப்பறைச் சுவரில் ஒட்டினார். இன்னும் இருக்கிறது, புகை படிந்து. இதை ஏன் எழுதுகிறோம் என்று தெரியவில்லை. எழுதத் தோன்றியது.

9. குளியலறை.

10. கழிப்பறை.

ஆகவே அம்மையீர் அவர்கள் தயவுகூர்ந்து, தகன மேடை வளாகத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் பத்தடிக்கு எட்டடி இடத்தில், சுவரும் கூரையும் விளக்கும் உள்பக்கத் தாழ்ப்பாளும் உள்ள ஒரு குளியலறையையும் அதை ஒட்டி ஒரு கழிப்பறையையும் கட்டித் தர ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். பணியாளர்களுக்கு மட்டும் என்று பூட்டிவைக்க மாட்டோம். அப்பாவைத் தனியாகக் கொண்டுவரும் பெண்களுக்கும் அது வேண்டும். ஆடிக் காற்று முடிவதற்குள் முடியாது என்றால், அதுவரைக்கும் தகரம் அடித்தாவது ஒரு மறைப்புக் கொடுக்க வேண்டுகிறோம். மறுபடியும் கேட்கிறோம்: ஒரு குளியலறை, உள்ளே தாழ்ப்பாள்.

நேரில் பார்வையிட வருவதாக இருந்தால், தயவுசெய்து முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டாம். சென்ற ஆண்டு வேறோர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்ததும், ஆண்கள் கழிப்பறையைக் கழுவி, கதவில் 'மகளிர்' என்று வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டினார்கள். அவர் பார்த்துவிட்டுத் திருப்தி தெரிவித்தார். வண்டி பாலம் ஏறுவதற்குள் தாளைக் கிழித்துவிட்டார்கள். பசை இன்னும் கதவில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தகன மேடைப் பெண் பணியாளர்கள் மூவர்
(இரண்டு கையொப்பம், ஓர் இடது கைப் பெருவிரல் ரேகை)