1.6 வேணாம் மாப்ள, 1.4 போதும்

மாப்ள,

எப்படி இருக்க, அங்க வேலையெல்லாம் எப்படிப் போகுது. இங்க பாம்பன்ல தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு பூரா கரையிலதான், நாட்டுப்படகு மட்டும் போகுது. மச்சானோட வள்ளத்துல இருந்த ஜிபிஎஸ் செத்துப்போச்சு, அதான் நீ குடுத்துட்டுப் போன பழைய கேலக்ஸி எஸ்2 போன தூசி தட்டி எடுத்தேன், ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேணாமே, மேப்ப முன்னாடியே ஏத்தி வச்சுக்கிட்டா போதும்.

ஆனா மேப் திணறுது, விரலால தள்ளுனா ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் நகருது. போன ரூட் பண்ணி, அதாவது பூட்டத் திறந்து முழு உரிமையும் எடுத்து, சிப்போட வேகத்த மாத்த விடுற கஸ்டம் கெர்னல் போட்டு, அந்த வேகத்த 1.2 ஜிகாஹெர்ட்ஸ்லேர்ந்து நேரா 1.6 ஆக்குனேன், வோல்டேஜத் தொடல. அஞ்சு நிமிஷத்துல உறைஞ்சு ரீபூட். வேகம் கூடக் கூட ஒவ்வொரு துடிப்புக்கும் கிடைக்கிற நேரம் குறையுதுல்ல, அதுக்குள்ள சிப்புல இருக்குற டிரான்சிஸ்டர்ங்கிற குட்டி சுவிட்சு எல்லாம் மாறி முடிக்கணும்னா வோல்டேஜும் ஏறணும், இல்லன்னா கணக்கு தப்பி தொங்கிரும். சரின்னு 25, 25 மில்லிவோல்ட்டா ஏத்தி 1400 மில்லிவோல்ட் வரைக்கும் போனேன், தொங்காம நின்னுச்சு, ஆனா கேமரா பக்கத்துல விரல வைக்க முடியல, அப்படி ஒரு சூடு. பவர் வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும் மாப்ள, 1275லேர்ந்து 1400ன்னா பார்க்க சின்ன வித்தியாசம், வேகத்தையும் சேத்துப் பெருக்குனா 1.6 மடங்கு.

அதுலயும் வீட்டுல ஃபேனுக்கு அடியில நின்னது மதியம் கடற்கரை மணல்ல நிக்கல. கடல்ல எல்லைக்கோட்டுக்கிட்ட போய் இது ரீபூட் ஆச்சுன்னா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா, ராத்திரி பூரா எனக்கு அதே நெனப்புதான்.

இப்ப 1.4 ஜிகாஹெர்ட்ஸ், 1325 மில்லிவோல்ட். பவர் கால் மடங்குதான் கூட, மேப் நல்லாவே நகருது. அதவிட பெரிய பலன் கீழ் வேகத்துல கெடச்சுச்சு, 200, 500 மெகாஹெர்ட்ஸ்ல வோல்டேஜக் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சேன், போன் பாதி நேரம் அங்கதானே கெடக்கும், பேட்டரி கூட நேரம் நிக்குது. எல்லா சிப்பும் ஒண்ணு போல இருக்காது, என் நம்பர அப்படியே உன் போன்ல போட்டுறாத. நாலு நாள் வெயில்ல ஓட்டிப் பாத்த பிறகுதான் 'செட் ஆன் பூட்' டிக் போட்டேன், அத போட்டா ஒவ்வொரு தடவ போன் ஆன் ஆகும்போதும் இதே நம்பர் தானா ஏறிரும், முன்னாடியே போட்டிருந்தா தப்பான வோல்டேஜோடயே திரும்பத் திரும்ப பூட் ஆகி லூப்ல மாட்டியிருக்கும்.

நாளைக்கு விடியக்காலம் மச்சான் கொண்டு போறாரு, நானும் கூடப் போறேன், ஒரு தடவ கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறும். நீ வரும்போது இதுக்கு ஒரு நல்ல 1650 எம்ஏஎச் பேட்டரி கெடச்சா வாங்கிட்டு வா, இங்க கெடைக்கிறது எல்லாம் டூப்ளிகேட்டு. அம்மாவ கேட்டேன்னு சொல்லு.