செயலாளரின் ஆண்டறிக்கை: பல்லினப் பள்ளிகளில் நம் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, பெற்றோர்களே, வணக்கம். மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் பயிலும் தமிழ் மாணவர்களின் நலனுக்காக நம் சங்கம் சென்ற ஆண்டு ஆற்றிய பணிகளைச் செயலவையின் சார்பில் இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நாட்டின் கல்விக் கொள்கைக்கு அடித்தளமிட்ட 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை வகுத்த வழியில், நம் நாட்டுப் பிள்ளைகள் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி எனத் தொடக்கக் கல்வியைப் பெரும்பாலும் தனித்தனியே முடித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில்தான் ஒரே கூரையின் கீழ் வந்து அமர்கிறார்கள். நாட்டிலுள்ள 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு அந்த முதல் சில மாதங்களே மிகக் கடினமானவை என்பது செயலவையின் உறுதியான கருத்து. அறிவியலைத் தமிழில் படித்துத் தேறிய பிள்ளை, விடை தெரிந்திருந்தும் இடைநிலைப்பள்ளியின் பயிற்றுமொழியான மலாயில் சொல்லத் தயங்கிக் கையை உயர்த்தாமல் இருந்துவிடுகிறது. நாளடைவில் தமிழ் மாணவர்கள் பின்வரிசையில் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதும், அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று ஆசிரியர்கள் முடிவுகட்டிவிடுவதும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

இதற்கு மாற்று உண்டு என்பதை நம் குழு ஒரு பள்ளியில் நேரில் கண்டது. அங்கே முதலாம் படிவ (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) வகுப்பாசிரியை இருக்கைகளை மாதந்தோறும் மாற்றியமைக்கிறார்; ஆய்வுக்கூடக் குழுக்களையும் அவரே பிரிக்கிறார். நாங்கள் சென்ற அன்று, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி வடிகட்டும் சோதனையை விளக்கத் தொடங்கிப் பாதியில் சொல் வராமல் நின்றாள். அருகிலிருந்த மலாய் மாணவி அச்சொல்லை மெல்ல எடுத்துக்கொடுக்க, அவள் தொடர்ந்து பேசி முடித்தாள். எதிரே இருந்த சீன மாணவன் அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டான். பண்டிகைக் காலத்தில் மண்டபத்தில் கோலம் போடுவதையும் பலகாரம் பரிமாறுவதையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஆண்டு முழுவதும் பிள்ளைகளை இணைப்பது இத்தகைய அன்றாட ஏற்பாடுதான் என்பதால், பிற பள்ளிகளும் இதைப் பின்பற்ற வேண்டுமெனக் கடிதம் எழுதியுள்ளோம்.

நோன்பு மாதத்தில், ஒரு பள்ளியின் சிற்றுண்டிச்சாலை மூடப்பட்டதால் நோன்பு நோற்காத மாணவர்கள் படிக்கட்டின் அடியில் அமர்ந்து உண்டதாகப் பெற்றோர் முறையிட்டனர். நோன்பு நோற்கும் நண்பர்களின் முன்னே உண்ணக் கூடாது என்ற மரியாதையை நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லித்தருகிறோம். ஆனால் ஒளிந்து உண்ணும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. சிற்றுண்டிச்சாலைகள் திறந்திருக்க வேண்டுமென 2024ஆம் ஆண்டில் கல்வி அமைச்சர் ஃபட்லினா சிடேக் கூறியதைச் சுட்டிக்காட்டிப் பள்ளி நிர்வாகத்திடம் பேசினோம். மறுவாரமே மேசைகள் போடப்பட்டன. நிர்வாகத்திடம் இதற்காக முதலில் குரல் கொடுத்தவர்கள் மலாய்ப் பெற்றோர்கள் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

சென்ற ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி தமிழ் வகுப்புக்கே சென்றது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வழி செய்யப்பட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. இந்த உரிமை ஏட்டில் இருந்தும், கேட்பார் இல்லாததால் பல பள்ளிகளில் வகுப்பே தொடங்கவில்லை. வீடு வீடாகச் சென்றபோது, "தமிழ் எடுத்தால் மற்றப் பாடங்களில் புள்ளி குறையுமா?" என்றுதான் பெற்றோர் பலர் கேட்டனர். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் தமிழ்மொழியும் ஒரு பாடமே என்பதை விளக்கிய பின்னரே கையொப்பங்கள் கிடைத்தன. வகுப்பு தொடங்கிய பள்ளியிலும் அது பாடநேரத்திற்குப் பின் வைக்கப்படுவதால், பள்ளிப் பேருந்தை நம்பியிருக்கும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். தம் மொழியைப் படிப்பதற்காக வீடு திரும்ப வழியின்றி நிற்கும் பிள்ளையிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேச நமக்கு வாய் எழாது.

ஆகவே, தமிழ் வகுப்பைப் பாட அட்டவணைக்குள் கொண்டுவரக் கோரும் மனுவை மாவட்டக் கல்வி அலுவலகத்திடம் அளிக்கவும், தொடக்கப்பள்ளியை முடிக்கும் ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோருக்கு இடைநிலைப்பள்ளி திறக்கும் முன்பே மூன்று இனப் பெற்றோரும் சேர்ந்து அமரும் அறிமுகக் கூட்டம் நடத்தவும் செயலவை முன்மொழிகிறது. இவ்வறிக்கையையும் இவ்விரு தீர்மானங்களையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்